நயினார் சாப்பிட்ட ஒன்பது இட்லி

எங்கள் சங்கத்தில் வியாழக்கிழமை நடப்பதை நான் புதன்கிழமையே எழுதிவிடுவேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம்தான்.

அருணை சேவா சங்கம். உறுப்பினர்கள் இருபத்து நான்கு பேர். வாரம் தவறாமல் வியாழன் மாலை ஆறரை மணிக்குப் பெரிய தெருவில் ஓர் ஓட்டல் மாடியில் கூடுவோம். தலைவர் மணி அடிப்பார். இறைவணக்கம், வருகைப் பதிவு, யாராவது ஒரு விருந்தினரின் பேச்சு, எட்டு மணிக்கு இட்லியும் கேசரியும். சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர்களுக்கு வாசலில் நின்று ஆளுக்கொரு 'வியாழன் மடல்' கொடுப்பேன். அன்றைய கூட்டத்தின் செய்தி அன்றைக்கே கையில். ஆசிரியர் நசீர் அகமது, அதாவது நான். அச்சகமும் என்னுடையதுதான். கூட்டம் முடிகிற நிமிடமே கூட்டத்தின் செய்தி வேண்டுமென்றால் முந்தின நாளே எழுதி அச்சுக் கோத்தாக வேண்டும். வேறு வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

'விருந்தினரின் உரை அனைவரையும் சிந்திக்க வைத்தது' என்று நான் போட்ட ஒரு வாரம், விருந்தினர் வேலூரில் பஸ் கிடைக்காமல் வரவேயில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை. தலைவர் ராஜமாணிக்கம் மருந்துக் கடை வைத்திருப்பவர், எதையும் எழுதிக் கொடுத்தால்தான் நம்புவார். வியாழன் மதியம் என் அச்சகத்துக்கு வந்து, "இன்னைக்கு நான் இன்னா பேசினேன் பாய்?" என்று கேட்டு மடலை வாங்கிப் படித்துவிட்டு, மாலையில் அதையே பேசுவார்.

மடலில் எனக்குச் சிரமம் கொடுத்தது ஒரே ஒரு பகுதிதான். 'மகிழ்ச்சியும் கவலையும்' என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொருவரும் எழுந்து அந்த வாரத்தின் ஒரு சந்தோஷத்தையும் ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மகன் பி.யு.சி. தேறியிருப்பான். இன்னொருவருக்கு மாமனார் வந்து பதினைந்து நாள் ஆகியும் கிளம்புகிற அறிகுறி இருக்காது. இதையெல்லாம் கற்பனை செய்ய முடியாது. புதன்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், நாளைக்கு என்ன கவலைப்படப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவேன்.

கேட்க வேண்டாதவர் ஒருவர் உண்டு, ஜினசந்திரன். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் கடலை எண்ணெய் மில் வைத்திருப்பவர். வந்தவாசிப் பக்கத்து ஜைனர், அந்தப் பக்கம் ஜைனர்களை நயினார் என்பார்கள், அதனால் எங்களுக்கெல்லாம் அவர் நயினார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பதினொரு வருடமாக அவர் சொன்னது ஒரே வாசகம். "மகிழ்ச்சி, உங்களையெல்லாம் பார்த்தது. கவலை, ஒண்ணுமில்லை." அச்சுக் கோக்கும் பாஞ்சாலை அந்த வரியைப் பிரிக்காமலே நூல் போட்டுக் கட்டி ஓரமாக வைத்திருந்தாள். வாரா வாரம் எடுத்து வைத்தால் போதும்.

இப்படிக் கவலையில்லாத மனிதர் மாசி மாதத்தில் திடீரென்று வராமல் போனார். ஒரு வியாழன் வரவில்லை, மில்லில் வேலை ஜாஸ்தி என்று நினைத்தோம். மறு வியாழனும் இல்லை, மூன்றாவதும் இல்லை. ஆளனுப்பிக் கேட்டால் "சௌக்கியமா இருக்கேன்னு சொல்லு" என்று பதில் வந்தது. சங்கத்தின் கண் சிகிச்சை முகாம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் முகாம் வேனில் ஊர் ஊராகப் போய்க் கண் தெரியாதவர்களைக் கைபிடித்து ஏற்றி வருகிறவர் அவர்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. என் கோபத்தைப் பற்றி ஊருக்குத் தெரியும், காதுதான் முதலில் சூடாகும்.

புதன்கிழமை மாலை செயலாளர் இருசப்பன் வருகைப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர். சங்கத்தின் விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடக்கிறவர்.

"நாளைக்கு நாலாவது வாரம் பாய். விதி ஒம்பது. தொடர்ந்து நாலு கூட்டம் வரலைன்னா பேரு தானா போயிடும். ஒரு வரி போட்டுடுங்க."

"நம்ம நயினாரையா எடுக்கச் சொல்றீங்க?"

"நான் எங்க எடுக்கறேன்? விதி எடுக்குது."

எழுதினேன். 'தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராததால் திரு. ஜினசந்திரன் உறுப்பினர் நிலையை இழந்தார்.' பாஞ்சாலையிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்தாள்.

"இதைக் கடைசியா கோக்கறேன்" என்றாள். "நீங்க நாளைக்குக் காலையில போய் ஒரு வாட்டி பார்த்துட்டு வாங்க. அச்சுல ஏறிட்டா அப்புறம் அதுதான் நெசம்னு ஆயிடும்."

மறுநாள் காலை எட்டரைக்கே மில்லுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று கோத்துக்கொண்டே போனேன். நயினார் மார்க்கெட் கமிட்டியில் கடலை ஏலத்துக்குப் போயிருந்தார், சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் வருவார். அவர் மனைவி ராஜமதி வாசலுக்கு வந்தார்.

"உள்ள வாங்கண்ணா."

"உக்கார வரலைம்மா. இன்னைக்கும் வரலைன்னா உங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துடுவாங்க. பதினோரு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, ஏன்னு ஒரு வார்த்தை சொல்லாம நின்னா இன்னா அர்த்தம்?"

ராஜமதி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பழைய வியாழன் மடல் ஒன்று நான்காக மடித்து இருந்தது. பிரித்து, விரலை வைத்துக் காட்டினார். நானே எழுதியதுதான். 'அனைவருக்கும் அலுக்காமல் பரிமாறிய நயினார் பிறகு அமர்ந்து ஒன்பது இட்லிகளை ஒரே மூச்சில் முடித்து, சங்கத்தில் புதிய சாதனை படைத்தார்.'

நான் சிரித்தேன். "இதுவா? அன்னைக்கு மூணாம் பக்கத்துல மூணு வரிக்கு இடம் மீந்துடுச்சும்மா. சும்மா தமாஷுக்குப் போட்டது."

அவர் சிரிக்கவில்லை. "அண்ணா, பொழுது போனப்புறம் இவரு தண்ணிகூட வாயில ஊத்த மாட்டாரு. எங்க ஆளுங்க யாரும் ராத்திரியில சாப்புடறதில்லை. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பதினொரு வருடம் எட்டு மணிப் பந்தியில் எங்களோடு இருந்த மனிதர். அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எட்டு மணி அடித்ததும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொள்வது அவர்தான். "இன்னொண்ணு வெச்சிக்கங்க" என்று வளைத்து வளைத்துப் போடுவது அவர்தான். நாங்கள் கை கழுவப் போகும்போது அவர் வாளியோடு நின்றுகொண்டிருப்பார். அவர் இலை முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. முன்பே சாப்பிட்டிருப்பார் என்று பாதிப் பேரும், பின்பு சாப்பிடுவார் என்று மீதிப் பேரும் நினைத்துக்கொண்டோம்.

"வீட்டுல சாப்புட்டுட்டு வருவாரோ?" என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டது.

"எங்க நேரம்? மில்லு மூடி, குளிச்சி, சட்டையை மாட்டிக்கினு ஓடி வந்துடுவாரு. வியாழக்கிழமைன்னா ராத்திரி பட்டினிதான். பசங்க அதுக்கு அப்பா விரதம்னு பேரு வெச்சிருக்குதுங்க."

அப்புறம் மீதியையும் சொன்னார். இந்த மாதம் அவர்கள் ஊர் ஜினாலயத்தில் அபிஷேகம். முதல் குடம் எடுப்பது நயினார் குடும்பத்தின் உரிமை. யாரோ இந்தத் தாளை ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். தான் சாப்பிடவில்லை என்று நயினார் சொன்னார். அச்சில் இருக்கிறதே என்றார்கள்.

"குடத்தை எடுக்கக் கூடாதுன்னுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா, நம்பினாங்க. இவரு பொய் சொல்ல மாட்டாருன்னு தெரியும். ஆனா ஒருத்தர் கேட்டாரு, சாப்புடாதவன் சாப்புடற நேரத்துல, சாப்புடறவங்க நடுவுல போய் இன்னா பண்றேன்னு. இவருக்கு பதில் சொல்ல வரலை. வீட்டுக்கு வந்து, கேக்கறதும் நியாயம்தானே, நான் எதுக்குத்தான் போறேன்னு என்னையே கேட்டாரு. அதோட நின்னுட்டாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னேன். பாய் மனசு சங்கடப்படும்னுட்டாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. போன ஜூலை நினைவுக்கு வந்தது. ரம்ஜான் மாதம் வியாழக்கிழமைகளில் நான் நோன்போடு கூட்டத்துக்கு வருவேன். ஆறே முக்காலுக்குச் சற்று முன்னால், ராஜமாணிக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பித்தளை டப்பா என் முன்னால் நகர்ந்து வரும். உள்ளே ஐந்து பேரீச்சம்பழம். நயினார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நேரம் வந்ததும் "ம்" என்பார். நான் நோன்பு திறந்த பிறகு தொழுவதற்கு மாடி ஓரத்தில் துண்டை விரித்து வைப்பதும் அவர்தான். இரண்டு மூன்று வருடமாக இப்படித்தான். என் பசி முடிகிற நேரத்தை நிமிடக் கணக்காக அறிந்திருந்தவரின் பசி தொடங்குகிற நேரம் எனக்குத் தெரியவில்லை. பொழுதைப் பார்த்து நோன்பு திறக்கிற நானே இதைக் கவனிக்கவில்லை என்றால் வேறு யார் கவனிப்பது?

"அவர் எத்தனை மணிக்குச் சாப்புடணும்மா? இன்னைக்கு ஆறு இருபது வரைக்கும் பொழுது இருக்குது" என்றேன். அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி.

"அது கேலண்டர்ல. எங்க வீட்டுல மலை மறைச்சிட்டா முடிஞ்சிது." ராஜமதி மேற்கே கையைக் காட்டினார். வீட்டு ஓட்டுக்கு மேலே மலை முழுதாகத் தெரிந்தது. "அஞ்சே முக்காலுக்கெல்லாம் சூரியன் அதுக்குப் பின்னால போயிடும். அப்புறம் இலையில கை வைக்க மாட்டாரு."

"இருபத்துநாலு பேருக்கு இட்லி ஊத்த முடியுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று யோசித்திருப்பார். பிறகு "அரிசி ஊற வெச்சி அரைச்ச மாவு அவ்ளோ இல்லை, அக்கம்பக்கத்துல வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

நான் சைக்கிளை மிதித்த மிதிக்குச் செயின் இரண்டு முறை கழன்றது. தாலுகா ஆபீஸில் இருசப்பனைக் கோப்புகளிலிருந்து கிளப்பி, புளியமரத்தடிக்கு அழைத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் அவரை எத்தனை வாட்டி இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டிருப்பேன்" என்றார்.

"அதை அப்புறம் நினைச்சிக்கலாம். கூட்டத்தை நேரம் மாத்தி, இடம் மாத்தி வைக்க விதி இருக்குதா?"

சட்டைப் பையிலிருந்து புத்தகம் வெளியே வந்தது. "விதி பதினாலு. எல்லா உறுப்பினருக்கும் எழுத்து மூலமா அன்னைக்கே தெரிவிக்கணும். எட்டு பேராவது இருக்கணும். தலைவர் மணி அடிக்கணும், அதே மணி. வந்தவங்க கையெழுத்து போடணும். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் அது கூட்டம் இல்லை."

"அஞ்சு மணிக்கு மில்லுல இருக்கணும். வருவீங்களா?"

"பதினெட்டு வருஷமா நான் ஒரு நாளும் பர்மிஷன் கேட்டதில்லை பாய்."

"இன்னைக்குக் கேளுங்க."

அச்சகத்தில் பாஞ்சாலை நான் சொன்னதை நின்றுகொண்டே கேட்டாள். அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். 'இன்று மாலை ஐந்து மணிக்கு அவசரக் கூட்டம் நடைபெறும், அனைவரும் தவறாமல்' என்று ஆரம்பித்தேன்.

"இப்படி எழுதினா யாரு வருவாங்க?" என்றாள். "வேலை இருக்குதும்பாங்க. நீங்க எப்பவும் எழுதற மாதிரி, நடந்துட்டதா எழுதுங்க. மடல்ல வந்துட்டா மாத்தக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு பழக்கம்."

அவள் சொன்னது சரி. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். 'இன்றைய கூட்டம் மாலை ஐந்து மணிக்கு நயினாரின் எண்ணெய் மில் களத்தில் நடைபெற்றது. இருபத்து நான்கு உறுப்பினர்களும் வந்திருந்தனர். பதினொரு வருடங்களில் முதல் முறையாக நயினார் நம்முடன் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்பு உடையவர் என்பதும், முந்தைய இதழ் ஒன்றில் வந்த ஒன்பது இட்லி ஆசிரியரின் அசட்டுத்தனம் என்பதும் இதனால் தெரிவிக்கப்படுகிறது.' பெயர் நீக்கும் வரி எழுதிய சீட்டைப் பாஞ்சாலை கேட்காமலே குப்பைக் கூடையில் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஈரம் காயாத மடல்களோடு கிளம்பினேன். கடை கடையாக, ஆபீஸ் ஆபீஸாக. ராஜமாணிக்கம் மருந்துக் கடையில் நின்றபடியே இரண்டு முறை படித்தார். "மணி ஓட்டல் பீரோவுல இருக்குது. எடுத்துக்கினு வந்துடறேன்" என்றார். மற்றவர்களில் சிலர் கடையில் இல்லை, சீட்டைக் கல்லாவில் வைத்துவிட்டு வந்தேன். சிலர் "அஞ்சு மணிக்கா?" என்று இழுத்தார்கள். நான் காது சூடாகி, "நடந்துட்டது, படிச்சிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். செங்கம் ரோடு கடைசி வரைக்கும் போய்த் திரும்பியபோது மணி நான்கு இருபது.

ஐந்து மணிக்கு மில் களத்தில் நாங்கள் ஆறு பேர் நின்றோம். நான், பதிவேட்டோடு இருசப்பன், இன்னும் நான்கு பேர். களம் முழுக்கக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. மலைக்கு மேலே சூரியன் இன்னும் ஒரு முழ உயரத்தில். மேற்கு மதில் ஓரம் ஏற்கனவே வெயில் போய்விட்டது. நயினார் கடலைத் தூசியோடு குடோனிலிருந்து வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இன்னா பாய் இது?"

மடலை நீட்டினேன். படித்தார். கடைசி வரிக்கு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தார். பின்பு மெதுவாக மடித்தார்.

"வேணாம் பாய். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒருத்தனுக்காக இருபத்துமூணு பேரு வேலையைப் போட்டுட்டு வர்றதா? நான் கையெழுத்து போட மாட்டேன். பேரை எடுத்துடுங்க, நான் எப்பவும் போல முகாமுக்கு வந்து வேலை செய்யறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் கோபம் வருவது என் ராசி.

"உங்க ஊருல கேட்டாங்களாமே, சாப்புடாதவன் அங்க போய் இன்னா பண்றேன்னு. உங்களுக்கு பதில் வரலை. நான் சொல்றேன், கேட்டுக்கங்க. ஜூலை மாசம் எனக்குப் பேரீச்சம்பழ டப்பாவைத் தள்ளி வெச்சிட்டு வாட்சைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தது யாரு? எனக்குத் தொழத் துண்டு விரிச்சது யாரு? நீங்க அன்னைக்கெல்லாம் வயிறு காஞ்சி உக்காந்திருந்தீங்க. எனக்குத் தெரியாது. என்னைத் தெரியாமலே கடன்காரனா ஆக்கி வெச்சிட்டு, இப்ப பேரை எடுத்துடுங்கன்னா எப்படி? நான் எங்க போய்த் தீர்க்கறது இதை?"

நயினார் என்னைப் பார்க்காமல் களத்தைப் பார்த்தார்.

"ஏழு பேருதான் இருக்கோம்" என்றார் இருசப்பன் பதிவேட்டுக்குள் பார்த்துக்கொண்டே. "அவரையும் சேர்த்து ஏழு. எட்டு வேணும். மணியும் வரலை."

ஐந்து இருபது. ராஜமதி குடோன் வாசலில் இலைகளைக் கழுவி வைத்துவிட்டு நின்றார். நிழல் மதிலை விட்டு இறங்கி, கடலையின் மேல் முதல் வரிசையைத் தொட்டது. எட்டாவது ஆளைத் தேடி நான் ரோட்டுக்கு ஓடினேன். கீழ்பென்னாத்தூர் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது, யாரும் இறங்கவில்லை.

புழுதிக்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. முகாம் வேன். ஜன்னலெல்லாம் தலைகள். ஏணியில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். முன் சீட்டில் ராஜமாணிக்கம், மடியில் பித்தளை மணி.

"பீரோ சாவி ஓட்டல்காரர்கிட்ட. அவரு தூங்கிக்கினு இருந்தாரு" என்று இறங்கும்போதே சொன்னார். "சரி, காத்துக்கினு இருக்கற நேரத்துல எல்லாரையும் அள்ளிக்கினு வந்துட்டேன். இருபத்துநாலுன்னு போட்டுட்டீங்களே பாய், ஆள் கொறைஞ்சா உங்க மடல் பொய்யாயிடாதா?"

மணி அடித்தது. இறைவணக்கத்தை ஒரே மூச்சில் முடித்தோம். இருசப்பன் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொருவரும் ஓடி வந்து கையெழுத்துப் போட்டார்கள். இருபத்து மூன்று. பேனாவை நயினாரிடம் நீட்டினார். நயினார் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார். இருசப்பன் நீட்டிய பேனாவை இறக்கவில்லை.

"நான் பர்மிஷன் போட்டு வந்திருக்கேன்" என்றார்.

நயினார் சிரித்துவிட்டார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"முதல்ல மகிழ்ச்சியும் கவலையும், அப்புறம்தான் சாப்பாடு, அதுதான் வரிசை" என்று இருசப்பன் ஆரம்பித்து, மலையைப் பார்த்துவிட்டு, "வரிசையைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை" என்று முடித்தார். கோணிப் பைகளை இரண்டு வரிசையாக விரித்தோம். நான் நயினாரின் தோளை அழுத்தி முதல் இலையில் உட்கார வைத்துவிட்டு வாளியைத் தூக்கினேன். வாழ்நாளில் நான் பரிமாறியது அன்றுதான். இலைக்குப் பாதி, தரைக்குப் பாதி சாம்பார் போட்டேன். கொத்தமல்லிச் சட்னி, வெங்காயம் போடாத சாம்பார், நான்கைந்து வீட்டு மாவில் வெந்த இட்லி. ஒன்று சற்றுப் புளிப்பு, ஒன்று சற்றுக் கல், யாரும் கவலைப்படவில்லை.

நயினார் வேகமாகச் சாப்பிடவில்லை. நான்தான் தவித்துக்கொண்டிருந்தேன். நிழல் களத்தின் பாதிக்கு வந்துவிட்டது. "நேரம் இருக்குது பாய்" என்றார் நிமிராமல். இரண்டு, மூன்று. நான்காவதற்குச் சட்னி கேட்டார். முடித்து, இலையை மடித்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து, வாய் கொப்பளித்து வந்து நின்றபோது அவர் முகத்தில் வெயில் இருந்தது. நான் சட்டையின் கையை விலக்கி என் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ம்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். சற்று நேரத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது, களம் முழுக்க நிழலானது. இருபத்துநாலு பேரும் கடலையின் நடுவே சந்தோஷமாகச் சத்தம் போட்டோம். ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மாதிரி இருந்தது. உண்மையில் ஜெயித்துத்தான் இருந்தோம். மடலில் எழுதியதெல்லாம் அப்படியே நடந்த ஒரே வாரம் அதுதான்.

அந்தப் பரபரப்பிலேயே ராஜமாணிக்கம் தீர்மானம் போட்டார். இனி ஒவ்வொரு வியாழனும் ஐந்து மணிக்குக் கூட்டம். இருபத்துநாலு கையும் உயர்ந்தது. பிறகு மகிழ்ச்சியும் கவலையும். மாமனார் இன்னும் போகவில்லை. யாருக்கோ தங்கைக்கு வரன் அமைந்திருந்தது. நயினாரின் முறை வந்தது. அடுத்தவரைப் பார்த்து நான் ஏற்கனவே திரும்பிவிட்டேன், அவர் வரி எனக்குத் தெரியுமே.

"மகிழ்ச்சி, உங்களையெல்லாம் பார்த்தது" என்றார். நிறுத்தினார். "கவலை ஒண்ணு இருக்குது."

எல்லாரும் நிமிர்ந்தோம்.

"ஆனி கடைசியில நோன்பு மாசம் வந்துடும். அஞ்சு மணிக்கே கூட்டம்னா, பாய் நோன்பு வெச்சிக்கினு நாம சாப்புடறதைப் பார்த்துக்கினு உக்காந்திருக்கணும். எனக்கு அது கஷ்டமா இருக்கும்." மடித்த மடலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார். "அந்த மாசம் மட்டும் பழைய நேரத்துக்கே வெச்சிக்கலாம். நான் பரிமாறறேன்."

எனக்குக் காது சூடாகவில்லை, கண்தான் சூடானது. வாளியைக் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தைத் திறந்ததும், நூல் போட்டுக் கட்டி வைத்திருந்த அந்த வரியை எடுத்துப் பாஞ்சாலையிடம் கொடுத்தேன். பிரித்துவிடச் சொன்னேன். நூலை அறுத்தாள். பதினொரு வருட மை ஏறி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாக அதனதன் பெட்டியில் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று நடந்த கூட்டத்தை இன்றைக்கு எழுதத் தொடங்கினேன்.